கத்தியும் பட்டனும்: ஒரு போக்கர் மேசையின் வரலாறு

முதன்முதலாக ஒரு கசினோவுக்குள்ள போய் போக்கர் விளையாட இருக்கிற ஒராள் அநேகமாகப் படம் பார்த்துவிட்டுத்தான் போவார். கறுப்புக் கண்ணாடி, அசையாத முகம், மேசை நடுவில் மலைபோல சிப். ஆனால் மேசையில் இருந்த முதல் அரை மணித்தியாலத்தில் அவருக்குக் கிடைக்கிறது நல்ல காட்ஸ் இல்லை, விதிகள்தான். காசை டீலரின் கையில் குடுக்கக்கூடாது, மேசையில் வைக்கவேண்டும். உங்கட முறை வருமுன் வாய் திறக்கக்கூடாது. "கூட்டுறன்" என்று வாயால் சொன்னால் சொன்னதுதான், திருப்பி எடுக்க ஏலாது. சிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளக்கூடாது, ஒரே தரத்தில் வைக்கவேண்டும். சட்டைப்பையில் இருந்து நடுவழியில் காசு எடுக்கக்கூடாது. பக்கத்தில் இருக்கிற சிநேகிதனிட்ட தமிழில் ஒரு வார்த்தை கதைத்தாலும், பல அமெரிக்கக் கசினோக்களில் டீலர் நிறுத்துவார். ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்.

புதுசாகப் போனவருக்கு இதெல்லாம் பணக்கார இடத்து மரியாதை மாதிரித் தெரியும். உண்மையில் மரியாதைக்கும் இதுக்கும் சம்பந்தம் குறைவு. இந்த விதிகளில் கனக்க, முன்னொரு காலத்தில் ஆரோ ஆரையோ ஏமாற்றினதால் வந்தவை. ஒருவரை ஒருவர் நம்பாத அந்நியர்கள் ஒரே மேசையில் இருந்து, சண்டை பிடிக்காமல், ஒருவருக்கொருவர் காசு தோற்கிறதுக்கான ஏற்பாடுதான் கசினோ போக்கர் மேசை. அந்த ஏற்பாடு எப்பிடி உருவானது, அதுக்கு ஆர் விலை குடுக்கினம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

தெரிந்தவர்களின் விளையாட்டு, தெரியாதவர்களின் விளையாட்டு

கடதாசி விளையாட்டு எங்களுக்குப் புதுசில்லை. 304 தெரியாத ஊர் எங்கட பக்கம் குறைவு. 32 காட்ஸ். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. விளையாட்டின் பெயரே ஒரு கூட்டல் கணக்கு. ஆனால் 304 இன் உயிர் கணக்கில் இல்லை, எதிரே இருக்கிற கூட்டாளியில் இருக்குது. அவன் ஏன் அந்தக் காட்டை இறக்கினான் என்று விளங்கினால்தான் வெல்லலாம். களவு செய்தாலும் அடுத்த நாள் அதே சந்தியில் அதே முகங்களைப் பார்க்கவேண்டும். ஊர்தான் அங்க காவல்.

போக்கரில் கூட்டாளி இல்லை. எதிரே இருக்கிறவர் ஆரென்று தெரியத் தேவையில்லை, நாளைக்கு அவரைப் பார்க்கப் போவதும் இல்லை. அது தற்செயலாக வந்த தன்மை இல்லை. போக்கர் அப்பிடியான ஒரு இடத்தில்தான் வளர்ந்தது.

1803 இல் பிரான்ஸ் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றது. அதுக்குப் பிறகான சில பத்தாண்டுகளில் நியூ ஓர்லியன்ஸ் நகரைச் சுற்றி இந்த விளையாட்டு உருவெடுத்தது. பிரெஞ்சுக்காரர் விளையாடின 'போக்' என்ற ஆட்டத்தில் இருந்து பெயர் வந்திருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. ஈரானின் 'ஆஸ் நாஸ்' தான் இதன் மூலம் என்று கனகாலம் எழுதினார்கள், இப்போதைய ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. தொடக்கத்தில் 20 காட்ஸ்தான். நாலு பேர், ஆளுக்கு ஐந்து, மாற்றி எடுக்க ஒன்றுமில்லை. கையில் இருப்பதை வைத்துப் பந்தயம் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இருப்பதாக நடிக்கவேண்டும். ஜோசப் கவெல் என்ற ஆங்கிலேய நாடக நடிகர் 1829 இல் நீராவிப் படகொன்றில் பார்த்த ஆட்டத்தைப் பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். இந்த விளையாட்டைப் பற்றிய ஆகப் பழைய விபரிப்புகளில் அதுவும் ஒன்று.

ஏன் படகு? மிசிசிப்பி ஆற்றில் போன அந்தப் படகுகளில் பருத்தி வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் காசோடு நாட்கணக்கில் பயணம் செய்தார்கள். நேரமும் இருந்தது, காசும் இருந்தது. அந்தக் காசு எங்க இருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேணும். அது பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்திக் காசு. அடிமைத்தளையில் இருந்து தப்பி வந்தவரும், முன்பு ஆற்றுப் படகுகளில் வேலை செய்தவருமான வில்லியம் வெல்ஸ் பிரவுன், 1853 இல் வெளியான தன் 'குளோட்டல்' நாவலில் ஒரு படகுச் சூதாட்டக் காட்சியை வைத்திருக்கிறார். அதில் கையில் காசு முடிந்த ஒருவர் பந்தயமாக வைப்பது தன் அடிமைச் சிறுவனை. படங்களில் வருகிற தொப்பி, சுருட்டு, மீசை எல்லாம் அழகாகத்தான் இருக்குது. மேசைக்குக் கீழ என்ன இருந்தது என்று அந்தப் படங்கள் அவ்வளவாகக் காட்டுவதில்லை.

களவு ஒரு தொழிலான காலம்

படகில் போக்கர் விளையாடிய தொழில்முறைச் சூதாடிகளில் கனபேர் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கவில்லை. அடையாளமிட்ட காட்ஸ், அடியில் இருந்து இழுத்துப் போடுதல், மேசையில் ஏற்கனவே ஒரு கூட்டாளியை இருத்தி வைத்தல் எல்லாம் சாதாரணம். ஜோனதன் கிறீன் என்ற முன்னாள் சூதாடி 1843 இல் எழுதின நூலில் இதையெல்லாம் அம்பலப்படுத்தினார். அவர் போக்கரை அழைத்ததே 'ஏமாற்று விளையாட்டு' என்றுதான். ஜோர்ஜ் டெவோல் என்பவரோ 1887 இல் தன் நாற்பது வருட ஆற்றுச் சூதாட்ட வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, தான் ஏமாற்றின கதைகளைப் பெருமையாகவே சொன்னார்.

சனங்களின் கோபம் எந்த அளவுக்குப் போனது என்பதுக்கு விக்ஸ்பேர்க் நகரம் சாட்சி. 1835 ஜூலையில் அந்த நகரவாசிகள் ஐந்து சூதாடிகளை வழக்கு விசாரணை எதுவுமில்லாமல் தூக்கில் போட்டார்கள்.

இன்னொரு கதை சான் பிரான்சிஸ்கோவில் இருந்து. 1888 இல் கெப்ளிங்கர் என்ற சூதாடி, மற்றச் சூதாடிகளோடயே விளையாடி மாதக்கணக்கில் வென்றுகொண்டு இருந்தாராம். சந்தேகப்பட்ட மற்றவர்கள் ஒருநாள் அவரைப் பிடித்துச் சோதித்தபோது, சட்டைக் கைக்குள் ஒரு இயந்திரம் இருந்தது. முழங்காலை விரித்தால் ஒரு உலோகக் கை நீண்டு காட்டைப் பிடித்து உள்ளுக்கு எடுக்கும். பிடித்தவர்கள் என்ன தண்டனை குடுத்தார்கள்? தங்களுக்கும் அதே மாதிரி ஆளுக்கொன்று செய்து தரச் சொன்னார்கள். மந்திரவித்தைக்காரர் ஜோன் நெவில் மஸ்கலின் 1894 இல் எழுதின நூலில் இந்தக் கதை வருகிறது. ஒழுக்கத்தை நம்பி ஒரு போக்கர் மேசையை நடத்த ஏலாது என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இப்ப திரும்ப இன்றைய மேசைக்கு வருவோம். ஒவ்வொரு சுற்றிலும் நடுக்காட்ஸ் திறக்க முன்னம் டீலர் மேலே இருக்கிற ஒரு காட்டை ஒருவருக்கும் காட்டாமல் ஒதுக்கிப் போடுவார். முதல் தடவை பார்ப்பவருக்கு அது ஒரு சடங்கு. காரணம் எளிமையானது. மேலே இருக்கிற காட்டின் முதுகில் ஆராவது அடையாளம் போட்டிருந்தால், அடுத்து வரப்போவது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் காட்டைத் தூக்கி ஒதுக்கினால் அந்த அறிவுக்குப் பயன் குறையும். கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை வைப்பது அடிக் காட் ஒருவருக்கும் தெரியாமல் இருக்க. டீலர் கைதட்டி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டு எழும்புவது, கையில் சிப் ஒளிக்கவில்லை என்று மேலே இருக்கிற கமராவுக்குக் காட்ட. ஆங்கிலம் மட்டும் என்ற விதி, இரண்டு சிநேகிதர் தங்கட காட்ஸைப் பற்றி மற்றவர்களுக்கு விளங்காத மொழியில் பேசாமல் இருக்க.

மேசையில் இருக்கிற காசோடு மட்டும்தான் விளையாடலாம் என்ற விதியும் அப்பிடித்தான். அது இல்லாவிட்டால், காசுள்ளவர் மற்றவரால் ஈடுகட்ட ஏலாத தொகையைக் கூட்டி, நல்ல காட்ஸ் வைத்திருப்பவரையும் துரத்திவிடலாம். இப்போது கையில் இருப்பது முழுவதையும் வைத்துவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் போட்டியில் நிற்கலாம். படங்களில் வீட்டு உறுதியையும் கார் திறப்பையும் மேசையில் எறிகிற காட்சிகள் ஒரு கசினோவில் நடக்காது.

கத்தி பட்டன் ஆனது

பழைய ஆட்டங்களில் விளையாடுகிறவர்களே முறைவைத்துக் காட்ஸ் போட்டார்கள். ஆரின் முறை என்று சண்டை வராமல் இருக்க, ஒரு பொருளை அவருக்கு முன்னால் வைத்தார்கள். அதை 'பக்' என்று அழைத்தார்கள். மான் கொம்புப் பிடி போட்ட கத்தியை வைத்ததால் அந்தப் பெயர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பொறுப்பை அடுத்தவனின் தலையில் தள்ளுவதுக்கு அமெரிக்கர் சொல்கிற சொற்றொடர் இதில் இருந்துதான் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், அந்தத் தள்ளல் தன்னோடு நிற்கும் என்று எழுதின பலகையைத் தன் மேசையில் வைத்திருந்தார்.

காட்ஸ் போடுகிறவர் கடைசியாகப் பேசுவார் என்பதால் அந்த இடத்துக்கு ஒரு அனுகூலம் இருக்குது. மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இன்று கசினோவின் ஊழியர்தான் காட்ஸ் போடுகிறார், அவர் விளையாடுவதில்லை. ஆனாலும் அந்த அனுகூலம் சுற்றிவரவேண்டும். அதுக்காக ஒரு வெள்ளை வில்லையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இடம் தள்ளி வைக்கிறார்கள். அதுதான் பட்டன்.

கத்தி இருந்த காலத்து மேசைக்கு ஆக அறியப்பட்ட பெயர் வைல்ட் பில் ஹிக்கொக். 1876 ஆகஸ்ட் 2 இல் டெட்வுட் என்ற சுரங்க ஊரில் போக்கர் விளையாடிக்கொண்டு இருந்தபோது பின்னால் வந்த ஒருவன் அவரைச் சுட்டான். கையில் இரண்டு ஏசும் இரண்டு எட்டும் இருந்ததாகச் சொல்லும் புகழ்பெற்ற கதை பரவலானது 1926 இல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு, அதாவது அவர் இறந்து ஐம்பது வருடம் கழித்து. போக்கரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் கனக்க இப்பிடித்தான். சம்பவம் உண்மை, அதைச் சுற்றின பளபளப்பு பிறகு வந்தது.

திறமையா, அதிர்ஷ்டமா?

1911 இல் கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் ஒரு விசித்திரமான முடிவு குடுத்தார். காட்ஸ் மாற்றி எடுக்கிற 'ட்ரோ' போக்கர் திறமை விளையாட்டு, ஆகவே தடை இல்லை. சில காட்ஸைத் திறந்து வைத்து ஆடுகிற 'ஸ்டட்' போக்கர் அதிர்ஷ்ட விளையாட்டு, ஆகவே தடை. அந்த ஓட்டைக்குள்ளால் 1936 இல் இருந்து கார்டினா என்ற சிறு நகரத்தில் காட்ஸ் கழகங்கள் முளைத்தன. அவை வெற்றி தோல்வியில் பங்கு எடுக்கவில்லை. கதிரைக்கு, நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கின.

பக்கத்து மாநிலமான நெவாடா 1909 இல் சூதாட்டத்தைத் தடை செய்தது. பொருளாதாரம் படுத்திருந்த 1931 மார்ச்சில் திரும்ப அனுமதித்தது. திறமை, அதிர்ஷ்டம் என்று அங்க ஒருவரும் வாதாடவில்லை. வருமானம் தேவைப்பட்டது, திறந்துவிட்டார்கள்.

அந்தப் பழைய வாதம் இன்னும் முடியவில்லை. தமிழ்நாடு 2022 இல் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2025 இல் இந்திய நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாத்தையும் தடை செய்தது.

உண்மை என்னவென்றால் இரண்டும் இருக்குது. இரண்டு ஏஸ் கையில் வருவது 221 தடவைக்கு ஒருமுறை, அதை எந்தத் திறமையும் மாற்றாது. ஆனால் கணிதவியலாளர் ஜோன் வொன் நியூமன் 1944 இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னோடு சேர்ந்து எழுதின ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு இடம் குடுத்ததுக்குக் காரணம், பொய்ப் பந்தயம் வெறும் துணிச்சல் இல்லை, கணக்காக அளக்கக்கூடிய உத்தி என்று அவர் கண்டதுதான். 2017 ஜனவரியில் 'லிப்ராட்டஸ்' என்ற கணினி நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரரை 120,000 ஆட்டங்களில் வென்றது. அதுக்கு முகமும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை.

ஆகவே திறமை வேலை செய்யும், ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில். முதல் தடவை போகிறவர் ஆடப்போவது ஒரு இரவு.

ஏழு பேரில் இருந்து எட்டாயிரம் பேருக்கு

இன்று எல்லாக் கசினோவிலும் ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' 1960களில்தான் லாஸ் வேகாசுக்கு வந்தது. 1970 இல் பென்னி பினியன் தன் ஹோர்ஸ்ஷூ கசினோவில் ஒரு போட்டி வைத்தார். வந்தவர்கள் ஏழே ஏழு பேர். வென்றவரைத் தெரிந்தது வாக்கெடுப்பால். ஜொனி மொஸ் தெரிவானார். அடுத்த வருடம் கடைசி ஆள் நிற்கும்வரை ஆடுகிற முறை வந்தது. பினியன் ஒன்றும் சாதுவானவர் இல்லை. டெக்சாசில் ஆள் கொலைக்குத் தண்டனை பெற்றவர், வரி ஏய்ப்புக்குச் சிறை போனவர். ஆனால் போக்கரை விளையாட்டுச் செய்தி ஆக்கலாம் என்று கண்டவர் அவர்தான்.

மிச்சத்தைத் தொலைக்காட்சி செய்தது. நாசிகளின் இன அழிப்பில் இருந்து உயிர்தப்பி, பிறகு அமெரிக்காவில் விளையாட்டுப்பொருள் கண்டுபிடிப்பாளரான ஹென்றி ஒரென்ஸ்டைன், ஆட்டக்காரரின் மூடின காட்ஸைப் பார்வையாளருக்குக் காட்டும் கமரா மேசைக்கு 1995 இல் காப்புரிமை பெற்றார். அதுவரை போக்கர் பார்ப்பது சுவரைப் பார்ப்பது மாதிரி. அதுக்குப் பிறகு பொய் சொல்பவரின் கையில் ஒன்றுமில்லை என்று வீட்டில் இருப்பவருக்கும் தெரிந்தது.

2003 இல் கிறிஸ் மணிமேக்கர் வந்தார். டெனசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர். 86 டொலருக்கு இணையத்தில் ஒரு தகுதிப் போட்டி ஆடி, 10,000 டொலர் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டொலர் வென்றார். பெயரே 'காசு செய்கிறவன்'. கதை எழுதினால்கூட இப்பிடிப் பெயர் வைக்கமாட்டார்கள். அந்த வருடம் ஆடினது 839 பேர். அடுத்த வருடம் 2,576. 2006 இல் 8,773.

"அவர் ஆடினால் நானும் ஆடலாம்" என்ற நினைப்பு ஒரு தொழிற்றுறையையே கட்டியது. மற்ற 838 பேரின் கதையை ஒருவரும் படம் எடுக்கவில்லை. 2011 ஏப்ரல் 15 இல் அமெரிக்க அரசு பெரிய இணையப் போக்கர் தளங்கள் மேல் குற்றம் சாட்டி அவற்றை முடக்கியபோது, ஆயிரக்கணக்கானவர்களின் காசு உள்ளுக்கு மாட்டியது. ஒரு தளத்தில் அந்தக் காசு முழுதாக இருக்கவே இல்லை. மிசிசிப்பிப் படகு கணினிக்குள் வந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆர் வெல்லினம்?

கசினோ மேசையில் டெவோல் மாதிரி ஆட்கள் ஏன் அருகிப் போனார்கள்? கமராவும் விதிகளும் ஒரு காரணம். மற்றக் காரணம், வீட்டுக்காரருக்குக் களவு தேவையில்லை. ஒவ்வொரு பொட்டில் இருந்தும் ஒரு சிறு பங்கை டீலர் மேசையில் இருக்கிற ஒரு துளைக்குள் போடுவார். ஆர் வென்றாலும் அது போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது பேர், ஆளுக்கு 200 டொலர். மேசையில் மொத்தம் 1,800. மணித்தியாலத்துக்கு 30 ஆட்டம், சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 4 டொலர் துளைக்குள் போகிறது என்று வையுங்கோ. மணித்தியாலத்துக்கு 120. பதினைந்து மணித்தியாலத்தில் 1,800. அதாவது அந்த ஒன்பது பேரும் ஒரே திறமைசாலிகளாக இருந்து, ஒருவரும் புதுக்காசு கொண்டுவராமல் ஆடிக்கொண்டே இருந்தால், கடைசியில் மேசையில் ஒரு சிப்பும் மிஞ்சாது. டீலருக்குக் குடுக்கும் சந்தோசக் காசை இதில் சேர்க்கவில்லை. மேசை ஓடவேண்டும் என்றால் ஆராவது புதுசாக வந்து இருக்கவேண்டும். முதல் தடவை வருகிறவருக்கு அங்க நல்ல வரவேற்பு கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

இது தூர தேசத்துக் கதை மட்டும் இல்லை. எங்கட நாட்டில் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் வந்தது 1988 இல், இலக்கம் 40. கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது 2010 இல், இலக்கம் 17. இடையில் 22 வருடம். முதலில் வரி, பிறகுதான் ஒழுங்கு. சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் 2025 இல்தான் நிறைவேறியது. நெவாடா 1931 இல் யோசித்த மாதிரியே எல்லா அரசுகளும் யோசிக்கின்றன: காசு வரும், கேள்வியைப் பிறகு பார்க்கலாம்.

போக்கர் நல்ல விளையாட்டு. நிகழ்தகவு, பொறுமை, மற்றவரின் மனதை வாசித்தல் எல்லாம் அதில் இருக்குது. தீப்பெட்டிக் குச்சியை வைத்து வீட்டில் ஆடினாலும் இதெல்லாம் கிடைக்கும். கசினோவுக்குப் போகிற ஒராள், இரண்டு நூற்றாண்டாக அந்நியர்களை ஒரே மேசையில் இருத்திக் காசு எடுக்கப் பழகின ஒரு ஏற்பாட்டுக்குள் போகிறார். அங்க இருக்கிற விதிகள் அவரைப் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் இருந்து காப்பாற்றும். துளைக்குள் போகிற காசில் இருந்து காப்பாற்றுகிற விதி மட்டும் அந்த மேசையில் இல்லை. அதை அவர் வீட்டில் இருந்தே கொண்டுபோகவேண்டும்: எவ்வளவு தோற்கலாம், எத்தனை மணிக்கு எழும்பலாம் என்று.